சுவரோரத்து மேசை

ஆஸ்கார் இரவுகள் – பகுதி 12

1940 பிப்ரவரி 29, வியாழக்கிழமை. இரவு எட்டே முக்கால் மணி. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத் தெருக்களில் ‘லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்’ பத்திரிகையின் அவசரப் பதிப்பு விற்றுக்கொண்டிருந்தது. பன்னிரண்டாவது ஆஸ்கார் விழாவில் யார் யார் வென்றார்கள் என்ற பட்டியல் அதில் அச்சாகியிருந்தது. விழாவில் ஒரு விருதுகூட அதுவரை வழங்கப்படவில்லை. அம்பாசடர் ஹோட்டலுக்குக் காரில் வந்துகொண்டிருந்த நட்சத்திரங்கள் சிலர், தாங்கள் தோற்றுவிட்டதை வழியிலேயே படித்துத் தெரிந்துகொண்டார்கள்.

அந்தக் காலத்து நடைமுறை அப்படி. காலைப் பதிப்பு அச்சேற நேரம் வேண்டும் என்பதற்காக, வெற்றியாளர் பெயர்களை அகாடமி முன்கூட்டியே பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிடும். இரவு பதினொரு மணிக்கு முன்னால் வெளியிடக்கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. அந்த ஆண்டு அது மீறப்பட்டது. முத்திரையிட்ட உறையை மேடையில் பிரிக்கும் வழக்கம், அடுத்த ஆண்டு இந்தச் சம்பவத்தால்தான் பிறந்தது.

ஆகவே அன்றிரவு கோகனட் குரோவ் அரங்கில் விருந்துக்கு அமர்ந்தவர்களில் பலருக்கும் முடிவு தெரியும். தென்னந்தோப்பு என்று பெயர் கொண்ட அந்த அரங்கில், பெயருக்கேற்பச் செயற்கை மரங்கள் நிமிர்ந்து நின்றன. அப்போதெல்லாம் ஆஸ்கார் விழா என்பது இரவு விருந்து. ஒவ்வொரு படநிறுவனத்துக்கும் தனித்தனி மேசைகள். யார் எந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை வைத்தே ஹாலிவுட்டில் அவருடைய இடம் எது என்று சொல்லிவிடலாம்.

இந்தப் பகுதி அந்த மேசைகளைப் பற்றியது. வெற்றிப் பட்டியலில் பெயர் இருந்த ஒரு பெண், தன் படக்குழுவோடு சேர்ந்து உட்கார முடியாமல், அரங்கின் கடைசியில் சுவரை ஒட்டிப் போடப்பட்ட சின்ன மேசையில் இருந்தார். அவர் பெயர் ஹாட்டி மெக்டேனியல். ஆஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் கறுப்பினக் கலைஞர். சில மணி நேரத்தில் ஆஸ்கார் வென்ற முதல் கறுப்பினக் கலைஞராகவும் ஆகப்போகிறவர்.

அதற்கு முன் அந்த ஆண்டைப் பார்த்துவிடுவோம். சென்ற பகுதியில் சொன்ன 1939 பிப்ரவரி விழாவில், ஸ்னோ ஒயிட் படத்துக்காக வால்ட் டிஸ்னிக்குப் பெரிய சிலை ஒன்றும் குட்டிச் சிலைகள் ஏழும் கொடுத்தார்கள் அல்லவா? அதற்குப் பிந்தைய பத்து மாதங்களில் ஹாலிவுட் எடுத்துக் குவித்த படங்களை இன்றும் பலர் அதன் பொற்காலம் என்கிறார்கள். சிறந்த படத்துக்கான போட்டியில் மட்டும் பத்துப் படங்கள். ஜான் ஃபோர்டின் ‘ஸ்டேஜ்கோச்’, ஃபிராங்க் காப்ராவின் ‘மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்’, கிரேட்டா கார்போ வாய்விட்டுச் சிரித்த ‘நினோட்ச்கா’, ‘வுதரிங் ஹைட்ஸ்’, ‘குட்பை மிஸ்டர் சிப்ஸ்’, ‘த விஸார்ட் ஆஃப் ஆஸ்’, ‘டார்க் விக்டரி’, ‘லவ் அஃபேர்’, ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’. இவற்றில் எதுவும் வேறொரு ஆண்டில் வந்திருந்தால் பரிசைத் தட்டிச் சென்றிருக்கும். ஆனால் பத்தாவதாக நின்றது ‘கான் வித் த விண்ட்’.

மார்கரெட் மிட்செலின் நாவலை 50,000 டாலருக்கு வாங்கிய தயாரிப்பாளர் டேவிட் ஓ. செல்ஸ்னிக், படத்தை முடிப்பதற்குள் படாத பாடு பட்டார். முதலில் இயக்கிய ஜார்ஜ் கியூகர் விலக்கப்பட்டார். ‘விஸார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தில் இருந்த விக்டர் ஃப்ளெமிங் அங்கிருந்து இழுத்து வரப்பட்டார். அவரும் சோர்ந்து விழ, இடையில் சாம் வுட் வந்து சில காட்சிகளை எடுத்தார். திரைக்கதையில் எத்தனையோ கைகள் பட்டன. திரையில் பெயர் வந்தது சிட்னி ஹோவர்டுக்கு மட்டும். அந்தப் பெயரைத் திரையில் பார்க்க அவர் இல்லை. 1939 ஆகஸ்டில் மாசசூசெட்ஸில் இருந்த தன் பண்ணையில் டிராக்டர் நசுக்கி இறந்துபோனார். இறந்தபின் ஆஸ்கார் வென்ற முதல் மனிதர் அவர்தான்.

பதின்மூன்று பரிந்துரைகள், எட்டு விருதுகள், கூடவே இரண்டு சிறப்பு விருதுகள். அதுவரை எந்தப் படமும் தொடாத எண்ணிக்கை. சிறந்த படம், இயக்குநர், நடிகை, துணை நடிகை, திரைக்கதை, வண்ண ஒளிப்பதிவு, கலை இயக்கம், படத்தொகுப்பு. தயாரிப்பாளருக்கான இர்விங் தால்பெர்க் விருதும் செல்ஸ்னிக்குக்கே போனது. அந்த ஆண்டுதான் ஆஸ்கார் மேடையில் முதன்முறையாகத் தொகுப்பாளராக நின்றார் பாப் ஹோப். செல்ஸ்னிக்குக்காக நடத்தும் உதவி நிகழ்ச்சி போல இருக்கிறதே இது என்று அவர் சொல்ல, அரங்கம் அதிர்ந்தது. தோற்றவர்களும் சேர்ந்தே சிரித்தார்கள்.

தோற்றவர்களில் கிளார்க் கேபிளும் ஒருவர். ரெட் பட்லராக அவர் நின்ற நிலையை அமெரிக்காவே கொண்டாடிக்கொண்டிருந்தபோது, சிறந்த நடிகர் விருது இங்கிலாந்தில் இருந்த ராபர்ட் டோனட்டுக்குப் போனது. ‘குட்பை மிஸ்டர் சிப்ஸ்’ படத்தில் இளம் பள்ளி ஆசிரியராகத் தொடங்கி, எண்பதைக் கடந்த கிழவராகத் தளர்ந்து அமரும்வரை ஒரே மனிதரின் ஆயுளை நடித்துக் காட்டியவர் அவர். கேபிள், லாரன்ஸ் ஒலிவியர், ஜேம்ஸ் ஸ்டூவர்ட், மிக்கி ரூனி ஆகியோர் இருந்த வரிசையில் அவரைத் தேர்ந்தது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். அவர் விழாவுக்கு வரவில்லை. பிரிட்டன் அப்போது போரில் இருந்தது.

சிறந்த நடிகை விவியன் லே. ஸ்கார்லெட் ஓஹாராவாக வாழ்ந்த அவர் 1913இல் பிறந்தது நம் டார்ஜிலிங்கில். சிறந்த துணை நடிகர் விருது ‘ஸ்டேஜ்கோச்’சில் குடிகார மருத்துவராக வந்த தாமஸ் மிட்செலுக்கு. ஸ்கார்லெட்டின் தகப்பனாராகவும் நடித்தவர் அவர்தான். மிஸ்டர் ஸ்மித்திலும் இருந்தார். அந்த ஒரே ஆண்டில் அந்த மனிதர் எத்தனை நல்ல படங்களில் இருந்தார் என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது.

பதினேழு வயது ஜூடி கார்லண்டுக்கு இளையோருக்கான சிறப்பு விருதாக ஒரு குட்டிச் சிலை கிடைத்தது. படம் நீளமாக இருக்கிறதென்று வெட்டி எறியப்பட இருந்த ‘ஓவர் த ரெயின்போ’, சிறந்த பாடலாக வென்றது. இசையமைப்பிலும் ‘விஸார்ட் ஆஃப் ஆஸ்’தான் முந்தியது.

இந்திய வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விருதும் உண்டு. சிறப்புக் காட்சி விளைவுகளுக்கான போட்டி விருது அந்த ஆண்டில்தான் தொடங்கியது. எரியும் அட்லாண்டாவையும், வீட்டையே தூக்கிச் செல்லும் சூறாவளியையும் தோற்கடித்து அதை முதன்முதலில் வென்ற படம் ‘த ரெயின்ஸ் கேம்’. ராஞ்சிப்பூர் என்ற கற்பனை இந்திய ஊரில் நிலநடுக்கமும் வெள்ளமும் வரும் கதை. அதில் நாயகனான இந்திய மருத்துவரின் பாத்திரத்தை ஏற்றவர், முகத்தில் கருமை பூசிக்கொண்ட அமெரிக்க நடிகர் டைரோன் பவர். கருநிற மனிதனின் கதை வேண்டும், கருநிற மனிதன் வேண்டாம் என்பது அன்றைய ஹாலிவுட்டின் விதி. அந்த விதிக்குள்தான் ஹாட்டி மெக்டேனியல் நுழைந்தார்.

கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டாவில் பிறந்தவர் ஹாட்டி. பதின்மூன்று பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா ஹென்றியும் அம்மா சூசனும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். ஹென்றி உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்கு எதிரான வடக்குப் படையில் சேர்ந்து போரிட்டார். போர்க் காயங்களோடு வாழ்ந்த அவர், அதற்கான ஓய்வூதியத்தைப் பெறுவதற்காகப் பல ஆண்டுகள் அரசாங்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. வீட்டில் எப்போதும் பற்றாக்குறை. கூடவே எப்போதும் பாட்டு.

டென்வரில் வளர்ந்த ஹாட்டி, ஊர் ஊராகச் சுற்றிய கலைக்குழுக்களில் பாடினார், ஆடினார், பாட்டுக் கட்டினார். 1920களில் டென்வர் வானொலியில் அவர் குரல் ஒலித்தது. 1929இல் பங்குச்சந்தை சரிந்தபோது கலைக்குழுவும் கலைந்தது. மில்வாக்கியில் ஓர் இரவு விடுதியில் அவருக்குக் கிடைத்த வேலை, பெண்கள் கழிப்பறையில் துண்டு எடுத்துக் கொடுப்பது. வெள்ளையர்களுக்கான விடுதி அது. அவர் பாடிக் கேட்டபின் அங்கேயே மேடையில் ஏற்றினார்கள்.

1931இல் லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்தார். வானொலியில் பாட்டு, படங்களில் பெயர் வராத சின்னச் சின்ன வேடங்கள், அவை கைகொடுக்காத நாட்களில் பிறர் வீட்டில் சமையலும் துணி துவைத்தலும். திரையில் பணிப்பெண்ணாக நடித்தவர், படப்பிடிப்பு இல்லாத நாட்களில் உண்மையிலேயே பணிப்பெண்.

ஸ்கார்லெட்டை வளர்க்கும் ‘மேமி’ பாத்திரத்துக்குப் போட்டி கடுமையாக இருந்தது. குடியரசுத் தலைவரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட், வெள்ளை மாளிகையில் வேலை பார்த்த ஒரு பெண்ணையே பரிந்துரைத்தார். வேடம் ஹாட்டிக்குக் கிடைத்தது. நாவலில் அந்தப் பாத்திரம் விசுவாசமே உருவான அடிமை. படமும் அடிமை முறையைப் பூசி மெழுகி, தோட்ட முதலாளிகளின் உலகத்தை இழந்த சொர்க்கம் போலக் காட்டுகிறது. இதில் எனக்கு எந்த மழுப்பலும் இல்லை. இது அந்தப் படத்தின் தீராத குறை. கறுப்பினப் பத்திரிகைகள் படம் எடுக்கும்போதே எதிர்ப்புத் தெரிவித்தன. அந்த அழுத்தத்தால்தான் அவர்களை இழிவுபடுத்தும் சொல் திரைக்கதையிலிருந்து நீக்கப்பட்டது.

ஆனால் ஹாட்டி அந்தப் பாத்திரத்துக்குள் என்ன செய்தார் என்று பாருங்கள். ஸ்கார்லெட்டின் கச்சையை இழுத்துக் கட்டியபடி அவளைக் கண்டிக்கும் காட்சியில், அந்த வீட்டில் நடக்கும் அத்தனையும் புரிந்த ஒரே ஆள் அவர்தான் என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். ரெட் பட்லரின் குழந்தை இறந்தபின், ஒலிவியா டி ஹாவிலண்ட் நடித்த மெலனியை அழைத்துக்கொண்டு மாடிப்படி ஏறியவாறே நடந்ததைச் சொல்லி அழும் காட்சி இன்னும் பெரியது. வெட்டில்லாமல் நீளும் அந்த ஏற்றத்தில், ஒரு குடும்பம் சிதைந்த கதை முழுவதும் அவருடைய ஒற்றைக் குரலில் வருகிறது. எழுதியவர்கள் ஓர் அடிமையை எழுதினார்கள். ஹாட்டி ஒரு மனுஷியைக் கொடுத்தார்.

படத்தின் முதல் காட்சி 1939 டிசம்பர் 15 அன்று அட்லாண்டாவில். நகரமே மூன்று நாள் திருவிழாவாகக் கொண்டாடியது. ஜார்ஜியாவின் இனப் பிரிவினைச் சட்டப்படி கறுப்பின நடிகர்கள் யாரும் அங்கே போக முடியவில்லை. தெற்கு மாநிலங்களில் கொடுத்த நிகழ்ச்சிக் கையேட்டிலிருந்து ஹாட்டியின் படத்தையும் எடுத்துவிட்டார்கள். முந்தைய நாள் இரவு நடந்த நடன விருந்தில், அடிமைகளைப் போல உடுத்தி எபனேசர் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் பாடற்குழு பாடியது. அதில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் நின்றான். அவன் பெயர் மார்ட்டின் லூதர் கிங்.

இரண்டு மாதம் கழித்து அம்பாசடர் ஹோட்டல். இது தெற்கு அல்ல, கலிபோர்னியா. ஆனால் அந்த ஹோட்டலும் கறுப்பினத்தவரை அனுமதிப்பதில்லை. பரிந்துரை பெற்ற நடிகையை உள்ளே விடுவதற்கு செல்ஸ்னிக் தனியே கேட்டு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அனுமதி கிடைத்தது; அதோடு சுவரோரத்து மேசையும். செல்ஸ்னிக்கின் மேசையில் விவியன் லே இருந்தார், ஒலிவியா டி ஹாவிலண்ட் இருந்தார். ஹாட்டியோ தன்னுடன் வந்த துணைவரோடும், வெள்ளையரான தன் முகவரோடும் தனியே அமர்ந்தார்.

நம் ஊரில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: பந்தி வஞ்சனை. ஒரே விருந்தில் ஒருவருக்கு ஓர் இலை, இன்னொருவருக்கு வேறோர் இலை என்று பிரிப்பதை மகா பாவம் என்றே நம் பாட்டிமார் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே வாசலோரத்தில் தனி இலை போட்டவர்களும் நம்மிடையே இருந்தார்கள். அதனால்தான் அந்த மேசையின் படத்தைப் பார்க்கும்போது, தொலைதூர நாட்டுச் செய்தியாக அதைக் கடந்துபோக என்னால் முடிவதில்லை.

துணை நடிகைக்கான போட்டியில் ஐந்து பேர். ‘வுதரிங் ஹைட்ஸ்’ படத்துக்கு ஜெரால்டின் ஃபிட்ஸ்ஜெரால்டு, ‘டிரம்ஸ் அலாங் த மொஹாக்’ படத்துக்கு எட்னா மே ஆலிவர், ‘லவ் அஃபேர்’ படத்துக்கு மரியா உஸ்பென்ஸ்கயா, ‘கான் வித் த விண்ட்’ படத்தின் மெலனியாக ஒலிவியா, அதே படத்தின் மேமியாக ஹாட்டி. விருதை வழங்க வந்தவர் முந்தைய ஆண்டு அதை வென்ற ஃபே பெயின்டர். இந்த விருது வெறும் விருதுக்கும் மேலானது என்ற பொருளில் முன்னுரை சொல்லிவிட்டு அவர் பெயரை அறிவித்தார்.

தலையில் வெண்ணிற கார்டீனியா பூக்களோடு ஹாட்டி எழுந்தார். சுவரோரத்திலிருந்து மேடைக்கு, மற்ற எல்லா மேசைகளையும் கடந்து நடந்தார். அரங்கம் கைதட்டியது. அவருடைய பேச்சு படச்சுருளில் இருக்கிறது. ஒரு நிமிடத்துச் சொச்சம்தான். தன்னைத் தேர்ந்தவர்களுக்கு நன்றி சொன்னார். இது தன்னைப் பணிவுகொள்ளச் செய்கிறது என்றார். தன் இனத்துக்கும் திரைத்தொழிலுக்கும் என்றும் பெருமை சேர்ப்பவளாக இருக்க விரும்புவதாகச் சொன்னபோது குரல் உடைந்தது. மேலே பேச முடியாமல் இறங்கினார். பிறகு அதே சுவரோரத்து மேசைக்குத் திரும்பினார்.

அன்றிரவு வென்ற வேறு யாரும் தன் இனத்தின் பெயரால் உறுதி கொடுக்க வேண்டியிருக்கவில்லை. விவியன் லே தனக்காக மட்டும் வெல்லலாம். ஹாட்டியால் முடியாது.

தோற்ற ஒலிவியா மேசையிலிருந்து எழுந்து ஹோட்டலின் சமையல்கூடத்துக்குப் போய் அழுதார். இரண்டு வாரம் தாங்கவில்லை என்றும், பிறகொரு காலையில் விழித்தபோது அந்த விருது ஹாட்டிக்குக் கிடைத்ததே நியாயம் என்று மனம் தெளிந்ததென்றும் பின்னாளில் அவரே சொன்னார். பிறகு அவர் இரண்டு ஆஸ்கார்கள் வென்று, 104 வயது வரை வாழ்ந்து, 2020இல் மறைந்தார்.

ஹாட்டிக்கு அப்படி நடக்கவில்லை. விருதுக்குப் பிறகும் வந்தவை பணிப்பெண் வேடங்களே. 1942இல் கறுப்பினத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் நிர்வாகச் செயலாளர் வால்டர் ஒயிட் ஹாலிவுட்டுக்கு வந்து, இழிவான வேடங்களை நிறுத்தச் சொல்லிப் படநிறுவன அதிபர்களிடம் பேசினார். அவர் கேட்டது நியாயம். ஆனால் அந்த வேடங்களை நடித்தே குடும்பத்தைக் காப்பாற்றியவர்களைக் கலக்காமல் கேட்டார். பணிப்பெண்ணாக இருந்து வாரம் ஏழு டாலர் வாங்குவதைவிட, பணிப்பெண்ணாக நடித்து எழுநூறு வாங்குவது மேல் என்று ஹாட்டி பதில் சொன்னதாகக் காலங்காலமாகச் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் காயம் இருந்தது. இரண்டையும் உண்டாக்கியவர்கள் வேறு மேசையில் இருந்தார்கள்.

அவரை அடங்கிப்போனவர் என்று நினைப்பவர்கள் 1945ஐப் பார்க்க வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸின் சுகர் ஹில் பகுதியில் அவரும் வேறு பல கறுப்பினக் குடும்பங்களும் வீடு வாங்கியிருந்தார்கள். அந்த மனைகளை வெள்ளையரல்லாதவருக்கு விற்கக்கூடாது என்று பத்திரத்திலேயே நிபந்தனை இருப்பதாகச் சொல்லி, அக்கம்பக்கத்து வெள்ளையர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். ஹாட்டி தன் வீட்டில் கூட்டங்கள் நடத்தி அண்டை வீட்டாரைத் திரட்டினார். நீதிபதி தர்மண்ட் கிளார்க் அந்தப் பகுதியை நேரில் பார்த்துவிட்டு வந்து, அரசியல் சட்டத்தின் பதினான்காவது திருத்தத்தைக் காட்டி வழக்கைத் தள்ளுபடி செய்தார். இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றக்கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது மூன்று ஆண்டுகள் கழித்து, 1948இல்தான். அன்றிரவு மேசையை மாற்ற முடியாதவர், தன் வீட்டை விட்டுக்கொடுக்கவில்லை.

1952 அக்டோபர் 26 அன்று மார்பகப் புற்றுநோயால் இறந்தார். வெள்ளைப் பெட்டியில், கூந்தலிலும் கைகளிலும் வெண்ணிற கார்டீனியா பூக்களோடு, ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். கறுப்பினத்தவருக்கு இடமில்லை என்று அந்தக் கல்லறைத் தோட்டம் மறுத்தது. ரோஸ்டேல் கல்லறையில் அடக்கமானார். 1999இல் ஹாலிவுட் தோட்டத்தின் புதிய உரிமையாளர் இடம் தர முன்வந்தபோது, உறவினர்கள் உடலைத் தோண்டி எடுக்க விரும்பவில்லை. அங்கே ஒரு நினைவுக்கல் மட்டும் நாட்டப்பட்டது. கறுப்பினப் பெண் ஒருவருக்கு நடிப்புக்கான இரண்டாவது ஆஸ்கார் கிடைத்தபோது ஆண்டு 1991. வென்றவர் ஊப்பி கோல்ட்பர்க். இடையில் ஓடியவை 51 ஆண்டுகள்.

அன்று ஹாட்டி மேடையில் வாங்கியது சிலை அல்ல. துணை நடிகர்களுக்கு அந்த ஆண்டுகளில் சிறிய பட்டயம்தான் கொடுத்தார்கள். தன் மறைவுக்குப் பின் அது வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும் என்று விரும்பினார். கறுப்பின மாணவர்களுக்காக எழுந்த அந்தப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையில், கண்ணாடிப் பேழைக்குள் அது இருந்தது. பிறகு எப்போதோ காணாமல் போனது. 2023 அக்டோபர் 1 அன்று அகாடமி புதிதாக ஒரு பட்டயம் செய்து அதே பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது. பழையது இன்னும் கிடைக்கவில்லை.

(அடுத்த பகுதி: 1941, முத்திரையிட்ட முதல் உறை)